கிள்ளிய முளைப்பாரி

இந்த உலகத்தைப் படைத்தது பெரிய தெய்வம் இல்லை, தன்னைப் பெரிதாக நினைத்துக்கொண்ட ஓர் அரைகுறைத் தெய்வம் என்று சொல்கிற பழைய மார்க்கம் ஒன்று உண்டு என்பதை, என் கணவரின் கடைவாயில் வழிந்த கஞ்சியைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் முதன்முதலாகக் கேட்டேன். மாத்திரை டப்பாவில் சாய்த்து வைத்திருந்த போனில் ஏதோ ஆன்மிகச் சொற்பொழிவு ஓடிக்கொண்டிருந்தது. அது முடிந்ததும் தானாக அடுத்தது வந்தது. கை ஈரமாக இருந்ததால் நிறுத்த முடியவில்லை. கை காய்ந்திருந்தால் நிறுத்தியிருப்பேன், இந்த வம்பே வந்திருக்காது.

பேசியவர் ஓர் இளைஞர். அலட்டல் இல்லாத குரல். ஏசு காலத்துக்குக் கொஞ்சம் பின்னால் எகிப்து, சிரியா பக்கம் இருந்த ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொன்னார். நாஸ்டிக் என்று பெயராம், அறிந்தவர்கள் என்று அர்த்தமாம். சபை அவர்களை விரட்டிவிட்டது, அவர்களுடைய ஏடுகளை அழித்தது, மிஞ்சியதை யாரோ ஜாடியில் போட்டு மண்ணுக்குள் புதைத்து வைத்தார்கள் என்றார். உண்மையான கடவுள் எட்டாத தூரத்தில் ஒளியாக இருக்கிறார், இந்த உலகத்தை அவர் செய்யவில்லை. கீழே இருந்த ஒருவன், தனக்கு மேலே ஒருவர் இருப்பதே தெரியாமல், தானே எல்லாம் என்று நினைத்து இதைச் செய்துவிட்டான். செய்ததில் எல்லாம் கோளாறு. ஆனால் மேலிருந்து ஒளியின் துளி ஒன்று எப்படியோ வந்து மனிதனுக்குள் மாட்டிக்கொண்டது. உடம்பு அதற்குச் சிறை. அது திரும்பிப் போகிற வழியில் வாசலுக்கு வாசல் காவலாளிகள் நின்று தடுக்கிறார்கள். இதுதான் அவர்கள் சொன்னது.

நான் அரசுப் பள்ளியில் அறிவியல் டீச்சராக இருந்தவள். இந்த மாதிரிக் கதைகளைக் கேட்டால் சிரிப்பு வர வேண்டும். வரவில்லை. துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

என் கணவர் விழுந்த நாளிலிருந்து வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். சிலர் விதி என்றார்கள். சிலர் போன ஜென்மம் என்றார்கள். நன்றாகப் படித்த ஒரு தலைமை ஆசிரியர், காபியைக் குடித்து முடித்துவிட்டு, "எல்லாம் அவன் விளையாட்டும்மா" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பேசுவதற்கென்றே பிறந்த ஒரு மனுஷனின் பேச்சைப் பிடுங்கிக்கொள்வது என்ன விளையாட்டு? எந்தப் பையனாவது வகுப்பில் அப்படி விளையாடியிருந்தால் தோலை உரித்திருப்பேன். இந்த நாஸ்டிக்காரர்கள் விளையாட்டு என்று சொல்லவில்லை. தப்பு என்றார்கள். செய்யத் தெரியாதவன் செய்த வேலை என்றார்கள். தப்பு எனக்குப் புரியும். காலமெல்லாம் சிவப்புப் பேனாவோடு அதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் கம்பம் ஊருக்குத் தெற்கே திராட்சைத் தோட்டம் வைத்திருந்தார். பன்னீர்த் திராட்சை. பந்தலுக்கு அடியில் நின்று அவர் பேசினால் ரோட்டில் போகிற பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்கும் என்பார்கள். வியாபாரியோடு சண்டை, உரக்கடைக்காரரோடு சண்டை, கொடி வெட்டிக் கவாத்துச் செய்ய வந்த ஆட்களோடு சண்டை. சாயந்திரம் அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். வந்து என்னோடு சண்டை. கல்யாணமான புதிதில் பயந்தேன், பிறகு நானும் கற்றுக்கொண்டேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஆனால் வீட்டில் சத்தத்துக்குக் குறை வைக்கவில்லை.

ஒரு மார்கழிக் காலையில் பந்தலுக்கு அடியிலேயே விழுந்தார். பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. பேச்சில் ஒரே ஒரு சொல் மட்டும் எப்படியோ தங்கிவிட்டது: "சரி." பசிக்கும் அதுதான், வலிக்கும் அதுதான், கோபத்துக்கும் அதுதான். வாழ்நாளில் எவனுக்கும் சட்டென்று சரி சொல்லாத மனுஷன். நாம் பேசுவது கொஞ்சம் புரியலாம், புரியாமலும் இருக்கலாம் என்றார் தேனி டாக்டர். நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தேன். தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று.

அந்த இளைஞர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனிலேயே பாடம் நடத்தினார். சேர்ந்துகொண்டேன். ஏழெட்டுப் பேர் இருப்போம். நாகர்கோவிலில் இருந்து ஒருவர், சிங்கப்பூரில் இருந்து ஓர் அம்மா, மற்றவர்கள் எந்த ஊர் என்றே தெரியாது. பாடம் முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு, எங்கே இருந்தேன், எங்கே வந்து விழுந்தேன், எப்படித் திரும்புவேன் என்று நமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும். மாடியில் துணி காயப்போடும்போதும் கேட்டுக்கொள்வேன். மேற்கே கேரளத்து மலை, கிழக்கே மேகமலை, தெற்கே போகப்போக இரண்டும் நெருங்கி வந்து முட்டி நிற்கும். பிறந்ததிலிருந்து பார்க்கிற மலைதான். அந்த வருஷம்தான் அது மதிலாகத் தெரிந்தது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், அந்தப் பாடம் எனக்கு உதவியது. என் கணவரைப் புரட்டிப் போட்டு முதுகைத் துடைப்பேன். புண் இருக்கும், நாற்றம் இருக்கும். இது நீங்கள் இல்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். உள்ளே எங்கோ பழுதில்லாமல் ஒன்று இருக்கிறது, அது பேசும், அது சண்டை போடும், இந்தச் சுவருக்குப் பின்னால் அது அமைதியாகக் காத்திருக்கிறது. இப்படி நினைத்தால் கை தானாக வேலை செய்தது. அருவருப்பு போனது. முகத்தைப் பார்ப்பதும் குறைந்துபோனது. பின்னாளில்தான் அதைக் கவனித்தேன்.

ஆனி மாதத்தில் அவருக்கு விழுங்குவது சிரமமாகிவிட்டது. எதைக் கொடுத்தாலும் புரை ஏறியது. ஒருமுறை சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தது. பிறகு அவரே வாயை இறுக்க ஆரம்பித்தார். ஸ்பூன் உதட்டில் படும், பல் திறக்காது. கன்னம் உள்ளே போய்விட்டது. மூக்கு வழியாக டியூப் போட்டு அதில்தான் ஆகாரம் கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர். போடாவிட்டால், என்று நான் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நாள் ஓடாதும்மா. யோசிச்சுச் சொல்லுங்க, ரொம்ப யோசிக்காதீங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை பாடத்தில் இதைக் கேட்டேன். யாருக்கு என்று சொல்லாமல், பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டேன். ஓட்டை விழுந்த சிறையை நாமே பூசிப் பூசி நிறுத்தி வைக்க வேண்டுமா என்றேன். அந்த இளைஞர் மெதுவாகச் சொன்னார். "அம்மா, ஒளி கிளம்பத் தயாராக இருக்கும்போது, நாம் போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. அது அந்தக் காவலாளிகளின் வேலை."

எனக்கு அழுகை வந்தது. நிம்மதியான அழுகைதான். டியூப் வேண்டாம் என்று அன்றைக்கே மனசு முடிவு பண்ணிவிட்டது. ஆனால் டாக்டருக்குப் போன் போட்டபோது வாய் வேறு மாதிரி சொன்னது, ஆடி முடியட்டும் சார் என்றது.

ஆடி பிறந்ததும் என் நாத்தனார் வந்து இறங்கினாள். அவருடைய தங்கை, ஆண்டிபட்டியில் தறிக்கார வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். அண்ணனுக்காக எங்கள் தெரு அம்மனுக்கு முளைப்பாரி எடுப்பதாக நேர்ந்திருந்தாள். வந்த வேகத்தில் தெருப் பெண்களைக் கூட்டி, இந்த வருஷம் எல்லோருடைய முளைப்பாரியையும் எங்கள் வீட்டிலேயே வளர்ப்பது என்று பேசி முடித்துவிட்டாள். எங்கள் வீட்டில் திராட்சைப் பெட்டி அடுக்கி வைக்கிற ஓர் அறை உண்டு. ஜன்னல் கிடையாது. பெட்டிகள் போய் அறை காலியாகத்தான் கிடந்தது. என்னிடம் கடைசியாகத்தான் கேட்டாள், அதுவும் கேட்பதுபோலச் சொன்னாள்.

வெளியூர்க்காரர்களுக்கு முளைப்பாரி என்றால் ஊர்வலத்தில் தலையில் வரும் பயிர்தான் தெரியும். அது வளர்கிற விதம் தெரியாது. அகலமான மண்சட்டியில் கண்மாய்க் கரம்பை மண்ணும் எருவும் பரப்பி, தட்டப்பயறு, மொச்சை, சோளம் எல்லாம் தூவி, இருட்டறையில் வைத்து மூடிவிடுவார்கள். விரதம் இருக்கிற பெண்கள் மட்டும் குளித்துவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் தெளிப்பார்கள். வெளிச்சம் படக் கூடாது, கை படக் கூடாது, கண்ட கண்ணும் படக் கூடாது. பயிர் உயரமாக, அடர்த்தியாக வந்தால் அந்த வீட்டுக்கு நல்லது. குட்டையாக வந்தால் பேச்சுத்தான். யார் சட்டி எது என்று எல்லோருக்கும் தெரியும்.

சாயந்திரம் ஆனால் பெண்கள் எங்கள் வாசலில் கும்மி கொட்டுவார்கள். கூடத்துக் கட்டிலில் அவர் கிடப்பார். வெளியே கேரளத்துச் சாரல், குமுளிப் பக்கமிருந்து காற்று. நாத்தனார் அந்த அறையிலிருந்து வரும்போதெல்லாம் முகம் மலர்ந்து வருவாள். ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"மதினி, எம் பயிருதான் எல்லாத்தையும் விட ஒசந்து நிக்கிது. வெளிறி, மஞ்சளா, என்னா அழகுங்கிறீக! அண்ணே எந்திரிச்சு ஒக்காந்துருவாக பாருங்க."

என் வாய் சும்மா இருக்காது. ஏழாம் வகுப்புக்கு நான் வருஷா வருஷம் செய்து காட்டிய பாடம் அது. ஒரு டம்ளர் பயறு ஜன்னலில், ஒரு டம்ளர் பயறு அலமாரிக்குள். அலமாரிப் பயறுதான் நெட்டையாக வளரும், பிள்ளைகள் அதற்குத்தான் கைதட்டுவார்கள். வெளிச்சம் கிடைக்காமல் அது தேடித் தேடி நீளுகிறது, அது ஆரோக்கியம் இல்லை என்று நான் விளக்க வேண்டியிருக்கும்.

"அது வளத்தி இல்லத்தா. வெளிச்சத்துக்குத் தவிக்கிது" என்றேன்.

"தவிக்கட்டும் மதினி. தவிச்சாத்தான ஆத்தா எறங்குவா."

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. மனசுக்குள், உன் ஆத்தாளும் வாசலில் நிற்கிற காவலாளிகளில் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் என் ஞாயிற்றுக்கிழமைப் பாடம் அவள் காதில் விழுந்திருந்தது.

"மதினி, தெருவுல கேக்குறாக. நீங்க அல்லேலூயாவுல சேந்துட்டீகளா?"

"இல்ல. அவுகளும் என்னையச் சேத்துக்க மாட்டாக."

"அப்ப எந்தச் சாமி?"

"பேரு இல்லாத சாமி. கோயில் இல்ல, கும்புட வேண்டியது இல்ல. நம்ம கஷ்டத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சம்பந்தமே இல்லாத சாமிய வச்சுக்கிட்டு என்னா செய்றது மதினி?" என்று கேட்டுவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிறது என்று போய்விட்டாள். உண்மையாகவே பொங்கிக்கொண்டுதான் இருந்தது.

டாக்டர் சொன்னதை அவளிடம் நான் மறைக்கவில்லை. டியூப் என்றதும் அவள் முளைப்பாரியைக் காட்டினாள். இது முடியட்டும், அண்ணன் தானாகச் சாப்பிடுவார் என்றாள். ஆக, இரண்டு பேரும் காத்திருந்தோம். அவள் அவர் எழுவதற்கு. நான் அவர் போவதற்கு. கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி உட்கார்ந்து, திறக்காத பல்லில் ஸ்பூனை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தோம். ஓரத்தில் கசிந்து இறங்கிய இரண்டொரு வாய்க் கஞ்சியில்தான் அவர் உயிர் ஓடியது.

ஒருநாள் அவள் கோயிலுக்குப் போயிருந்தபோது அவரிடமே கேட்டேன். அவர் காதருகே குனிந்து, டீச்சர் குரலில் நிறுத்தி நிறுத்திக் கேட்டேன்.

"போதுமா? போயிர்றீகளா?"

"சரி."

அப்படியே நிறுத்தியிருக்கலாம், பிழைப்பு முழுக்கப் பரிசோதனை செய்து பழகிய புத்தி விடவில்லை.

"டியூப் போட்டு இங்கனயே இருக்கீகளா?"

"சரி."

"எந்திரிச்சு என்னைய ஒரு அறை விடுறீகளா?"

"சரி" என்றார். கண் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவருக்கு மிஞ்சிய ஒரே சொல்லில் எனக்கு ஒரு பதிலும் இல்லை என்று அன்றைக்கு ஐயமறத் தெரிந்துகொண்டேன்.

முளைப்பாரி எடுக்கிற நாள் காலையிலிருந்தே சாரல். தெருப் பெண்கள் குளித்து, ஈரத்தலையோடு வந்து குவிந்துவிட்டார்கள். இருட்டறையைத் திறந்து சட்டி சட்டியாகக் கூடத்துக்குக் கொண்டுவந்து, பூச்சுற்றி, எலுமிச்சம்பழம் செருகினார்கள். வெளிச்சத்தில் பயிர் வெளிர் மஞ்சளாக நின்றது. நாத்தனாருடையதுதான் உண்மையிலேயே எல்லாவற்றையும் விட உயரம். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. சட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அண்ணனின் இடது பக்கம், கட்டிலோரத்து ஸ்டூலில் வைத்தாள்.

"அண்ணே, பாருண்ணே. ஒனக்குத்தான்."

அவர் தலையைத் திருப்பினார். பல வாரமாக எதையும் பார்க்காத கண் பயிரைப் பார்த்தது. இடது கை போர்வைக்குள்ளிருந்து வெளியே வந்து, நடுங்கி எழுந்து, பயிரை நோக்கிப் போனது.

"ஆத்தா! அண்ணே கும்பிடுறாக! கும்பிடுறாக பாருங்க!" என்று நாத்தனார் கத்தினாள். பெண்கள் குலவை போட்டார்கள்.

கை கும்பிடவில்லை. ஒரு முளையின் தண்டைத் தடவி மேலே போய், நுனியைக் கட்டைவிரல் நகத்துக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, நறுக்கென்று கிள்ளியது. கிள்ளியதைப் பக்கவாட்டில் போட்டது. அடுத்ததற்குப் போனது. அதையும் கிள்ளியது. அதற்கடுத்தது. குலவை நின்றுவிட்டது.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. கவாத்து அடித்த பிறகு திராட்சைக் கொடியில் புதுத் தளிர் கிளம்பும். பிஞ்சுக் கொத்துக்கு மேலே சில இலை விட்டு நுனியைக் கிள்ளிவிட வேண்டும். விட்டுவிட்டால் கொடி ஓடிக்கொண்டே இருக்கும், பழத்துக்குச் சத்துப் போகாது. கவாத்துக் கத்தரி அவருடைய வலது கையில் இருக்கும். கிள்ளுவதெல்லாம் இடது கைதான். பந்தலுக்கு அடியில் நடந்துகொண்டே, யாரையோ திட்டிக்கொண்டே, பார்க்காமல்கூடக் கிள்ளிப் போட்டுக்கொண்டு போவார். இப்போதும் அப்படியேதான், ஒரே மட்டத்தில் கிள்ளினார். நாத்தனார் பூரித்துப் போன அந்த உயரம் அவருக்கு ஓடிப்போன கொடியாகத் தெரிந்திருக்கிறது.

அவர் முகத்தைப் பார்த்தேன். எவ்வளவு நாள் கழித்து அப்படிப் பார்த்தேன் என்று தெரியவில்லை. எரிச்சலில் இருந்தார். புருவம் சுருங்கி, உதடு ஒரு பக்கம் கோணி, ஏலே, இப்படியா விட்டு வைக்கிறது என்று ஆட்களை விரட்டுகிற அதே முகம். "சரி, சரி, சரி" என்றார். அது திட்டு என்று எனக்கு மட்டும் தெரிந்தது.

அவர் கையைப் பிடித்து இழுக்கப் பெண்கள் பயந்தார்கள். கூட்டத்தில் மூத்தவள் ஒருத்திதான் சொன்னாள். "கிள்ளுபட்ட முளைப்பாரிய எடுக்கக் கூடாதுத்தா. வீட்டுலயே இருக்கட்டும்." நாத்தனார் கெஞ்சினாள், அண்ணனுக்குச் சுயநினைவு இல்லை, ஆத்தாளுக்குத் தெரியாதா என்று அழுதாள். மற்றவர்கள் அவரவர் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்கள். மேளம் தெருமுனை தாண்டியது. அவள் தரையில் உட்கார்ந்து, கிள்ளி விழுந்த நுனிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"போச்சு மதினி. அவ வேணாம்னுட்டா. அண்ணன எடுத்துக்கப் போறா."

நான் அவளுக்கு ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. என் பாடமும் அங்கேதான் சிந்திக் கிடந்தது. சுவருக்குப் பின்னால் அமைதியாக ஓர் ஒளி காத்திருக்கிறது என்று நம்பி, அது போகட்டும் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். வெளியே வந்தது ஒளி இல்லை. எரிச்சல் பிடித்த திராட்சை விவசாயி ஒருவர். அதுவும் எங்கோ உள்ளேயிருந்து வரவில்லை, கட்டைவிரல் நகத்திலிருந்து வந்தார். அந்த அரைகுறைத் தெய்வம் மண்ணில் பிசைந்து செய்த கோளாறான விரல் அது. ஒளி விடுதலையாகிப் போகும்போது இந்த நகத்தை எடுத்துக்கொண்டு போகாது. நான் கட்டிக்கொண்டது ஒளியை இல்லை. எனக்கு அந்த நகம்தான் வேண்டும், அந்தக் கோணல் உதடுதான் வேண்டும் என்று வெறி மாதிரி தோன்றியது. அந்தச் சின்னச் சாமி தப்புத் தப்பாகச் செய்தான்தான். ஆனால் இவரைச் செய்தவன் அவன்தான்.

மறுநாளே கார் பிடித்துத் தேனிக்குக் கொண்டுபோய் டியூப் போட்டுவிட்டேன். மூக்கில் குழாய் இறங்கும்போது அவர் போட்ட சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டது. காதைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

நாத்தனார் ஆண்டிபட்டிக்குப் போய்விட்டாள். பஸ் ஏறும்போது, "நேந்தது நிறையல மதினி" என்று மட்டும் சொன்னாள். அதன் பிறகு அவள் போன் வருவதில்லை. நான் போட்டால் அவள் பிள்ளைகள் எடுக்கிறார்கள், அம்மா தறியில் இருக்கிறாள் என்கிறார்கள். அவளுடைய சட்டியைக் கொஞ்ச நாள் பின்கட்டில் வைத்திருந்தேன். வெளிச்சம் பட்டதும் பச்சை பிடித்தது. கிள்ளிய இடத்துக்குக் கீழே இரண்டொன்று பக்கத்தில் துளிர்த்தது. எனக்குக் கொஞ்சம் ஆசைகூட வந்தது. ஆழமில்லாத மண், பிறகு மொத்தமும் சாய்ந்துவிட்டது. யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வாய்க்காலில் கரைத்துவிட்டு வந்தேன்.

பாடத்தில் நடந்ததைச் சொன்னேன். அந்த இளைஞருக்கு என் மேல் கோபம் இல்லை. வருத்தம்தான். பாசம்தான் காவலாளிகள் வைத்திருக்கிற கடைசிப் பூட்டு அம்மா என்றார். நல்ல பையன், அவருக்கு யாரையும் துடைத்துவிட்ட அனுபவம் இருக்காது என்று நினைத்துக்கொண்டேன். பாடத்தை நான் விடவில்லை. உலகம் கோளாறாகச் செய்யப்பட்டது என்பதை இப்போதும் நம்புகிறேன், முன்பைவிட நன்றாகவே நம்புகிறேன். கண்ணை மூடினால் அந்தப் பெயரில்லாத கடவுளிடம் ஒன்றைத்தான் கேட்கத் தோன்றுகிறது. கூட்டிக்கொண்டு போவதாக இருந்தால் அந்த விரலையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போ. அது அந்தக் கடவுளால் முடியாது என்பதும் பாடத்தில் இருக்கிறது.

நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. குழாய் போட்ட மறுநாளே அவர் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டார், அந்த இடது கையால்தான். மறுபடியும் போட்டார்கள். மறுபடியும் பிடுங்கினார். கையைக் கட்டி வையுங்கள், வேறு வழி கிடையாது என்றார் நர்ஸ். என் பழைய பருத்திச் சேலை ஒன்றைக் கிழித்து, மெத்தென்று மடித்து, அவர் மணிக்கட்டைக் கட்டில் கம்பியோடு சேர்த்துக் கட்டினேன். எந்தக் கைக்காக அவரைப் போகவிடாமல் பிடித்து நிறுத்தினேனோ அந்தக் கையை. காவலாளிகள் பொறாமையால்தான் வாசலில் நின்று தடுக்கிறார்கள் என்பது பாடம். எனக்கு அதில் சந்தேகம் வந்துவிட்டது.

இப்போது தினமும் காலையில், குழாயில் பால் கொடுத்து முடித்து, வாசல் தெளித்துவிட்டு வந்து அவர் கட்டை அவிழ்க்கிறேன். குத்தகைக்காரரிடம் சொல்லி, கிடைக்கிறபோதெல்லாம் திராட்சைத் தளிர் ஒடித்து வரச் சொல்லியிருக்கிறேன். தளிர் இல்லாத காலத்தில் கீரைத்தண்டு. அதைக் கையெட்டும் தூரத்தில் பிடித்துக்கொண்டு உட்காருவேன். கை மெதுவாக எழும். எந்தப் பக்கம் போகிறது என்று மூச்சைப் பிடித்துப் பார்ப்பேன். போதுமா, போயிர்றீகளா என்று நான் காதோடு குனிந்து கேட்டேனே, அந்தக் கேள்விக்கு அவர் சொல்கிற பதில் இதுதான் என்று எனக்குத் தெரியும். சில நாள் தளிருக்கு வரும், நறுக்கென்று கிள்ளும், அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கும்.

பல நாள் குழாய்க்குத்தான் போகிறது. அப்போது அந்தக் கையைப் பிடித்து, மெதுவாக இறக்கி, மறுபடியும் கட்டுகிறேன். கட்டி முடிக்கிற வரைக்கும் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, "சரி" என்கிறார்.